கிரீஸில் கோடைக்காலத் தொல்லியல் பயிற்சி: நடத்தப்போகிறவர் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிக்கிறேன். வரும் கோடையில் இருபது ஆய்வு மாணவர்களை ஆறு வாரம் கிரீஸுக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆய்வுக்காகத் தனியே அங்கே போயிருக்கிறேன், குழுவை நடத்தியதில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் இருக்கட்டும், அதை ஒரு மாலையில் எழுதிவிடலாம். முதலில் அனுமதிகளைக் கவனியுங்கள், அதுவும் குளிர்காலத்திலேயே.

கிரீஸில் தொல்பொருள்களைக் காக்கும் சட்டம் கறாரானது. 2002-இல் வந்த 3028-ஆம் எண் சட்டம்தான் அடிப்படை. 2021-இல் அதை 4858-ஆம் எண் சட்டமாகத் தொகுத்தார்கள். வெளிநாட்டுக் குழு நினைத்த இடத்தில் குழி போட முடியாது. கலாச்சார அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டவரின் விண்ணப்பம் பொதுவாக ஏதென்ஸில் இருக்கும் அவரவர் நாட்டுத் தொல்லியல் பள்ளி (ஆய்வு நிறுவனம்) வழியாகத்தான் போகும். மாணவர்கள் தோண்டிப் பழகவேண்டும் என்றால், ஏற்கெனவே அனுமதியோடு நடக்கும் அகழாய்வின் இயக்குநரைக் கேட்பதே நடக்கிற காரியம். சும்மா பார்வையிடுவதானாலும் கயிறு கட்டிய பகுதிக்குள் போகவும், அருங்காட்சியகக் கிடங்கைத் திறக்கவும் அந்த வட்டாரத் தொல்லியல் அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதவேண்டும். இன்னொன்று: களத்தில் குழுவுக்கு விளக்கம் சொல்வது அங்கே உரிமம் பெற்ற வழிகாட்டிகளின் தொழில். நீங்கள் உங்கள் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறீர்கள் என்பதற்கான கடிதம் தினமும் கையில் இருக்கட்டும்.

முதல் நாளே மாணவர்களிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். தரையில் கிடக்கும் பானை ஓட்டைப் பையில் போடக்கூடாது. ஆய்வுக் கட்டுரையிலோ நூலிலோ இன்னும் வெளியிடப்படாத பொருளை, தோண்டியவரின் ஒப்புதல் இல்லாமல் படம் எடுக்கக்கூடாது. ஆய்வு மாணவர்களுக்கு இதெல்லாம் தெரியும்தான். ஆனாலும் கையில் செல்போன் இருக்கிறதே!

அடுத்தது வெயில். 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் வெப்ப அலை அடித்தபோது ஏதென்ஸின் பழைய குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸையே நண்பகலில் சில மணி நேரம் மூடிவைத்தார்கள். அதனால் வாசல் திறக்கும்போதே உள்ளே நுழைந்து, நண்பகலுக்குள் களத்தை முடித்துவிட்டு, பிற்பகலை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். அக்ரோபோலிஸுக்கு ஒரு நாளில் 20,000 பேர் என்ற வரம்பும் நேரம் குறித்த நுழைவும் இருக்கின்றன. சீட்டை முன்பே எடுத்துவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு பெரிய களங்கள் வேண்டாம். மைசினியைப் பார்த்த கையோடு கொரிந்துக்கு ஓடினால், கொரிந்தில் எல்லோரும் நிழலைத்தான் தேடுவார்கள். வாரம் ஒரு நாள் முழு ஓய்வு கொடுங்கள். அன்றைக்கு ‘விருப்பமுள்ளவர்கள் வரலாம்’ என்று ஒரு பயணத்தை வைத்துவிடாதீர்கள். அத்தனை பேரும் வருவார்கள். நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர் நீங்கள்தானே.

சரி, பாடம். என்னைக் கேட்டால் நீங்கள் குறைவாகப் பேசவேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கட்டடத்தையோ பிரச்சினையையோ சில மாதங்கள் முன்பே கொடுத்து, அந்த இடத்திலேயே நின்று இருபது நிமிடம் பேசச் சொல்லுங்கள். அவரவர் துறைக்குள்ளேயே தலைப்பு கொடுப்பது வீண். கவிதை படிப்பவருக்குக் கொரிந்தின் நீரூற்று அமைப்பைக் கொடுங்கள். மட்பாண்டம் படிப்பவர் டெல்ஃபியின் கல்வெட்டுகளோடு மல்லுக்கட்டட்டும்.

பேசி முடித்ததும் ‘இங்கே கண்ணுக்குத் தெரியும் எந்த ஆதாரத்தை வைத்து இதைச் சொல்கிறீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். கிரீட் தீவின் பழைய அரண்மனையான க்னோசோஸில் இந்தக் கேள்வி நன்றாக வேலை செய்யும். 1900-இல் அங்கே தோண்டத் தொடங்கிய ஆர்தர் எவன்ஸ் பின்னாளில் கான்கிரீட்டால் பல பகுதிகளை எழுப்பினார். பழைய சுவர் எங்கே முடிகிறது, எவன்ஸின் கற்பனை எங்கே தொடங்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால், படித்துவந்த கட்டுரைகள் போதாது. பைலோஸ் அரண்மனையிலும் அப்படித்தான். 1939-இல் கார்ல் பிளேகன் தோண்டியபோது கிடைத்த, எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் சூளையில் சுடப்பட்டவை அல்ல. அரண்மனையை அழித்த தீதான் அவற்றைச் சுட்டுக் காப்பாற்றியது. அப்படியானால் அந்த ஆவணங்கள் அரண்மனையின் எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகின்றன, கடைசிச் சில மாதங்களையா, பல தலைமுறைகளையா? இந்த ஒரு கேள்வியில் ஒரு காலைப் பொழுது போய்விடும். போகட்டும், அடுத்த இடத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

தங்குமிடம், பேருந்து போன்றவற்றை உள்ளூர் ஏற்பாட்டாளர் ஒருவரிடம் விட்டுவிடுங்கள். துணை இயக்குநர் ஒருவர் மட்டும் கட்டாயம் வேண்டும். வழியில் ஒரு மாணவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஒருவர் மருத்துவமனையில் இருக்க, மற்றவர் பேருந்தோடு போகலாம். அவசர எண் 112. சீண்டல், மிரட்டல் பற்றிய புகாரை யாரிடம் சொல்வது என்று கிளம்பும் முன்பே எழுத்தில் கொடுங்கள். அதில் ஒரு பெயராவது பயணத்தில் இல்லாதவருடையதாக இருக்கவேண்டும். புகாரே உங்கள் மேல் என்றால் மாணவர் எங்கே போவார்?

அப்புறம் தேதி. ஆகஸ்ட் 15 கிரீஸில் பெரிய விடுமுறை. அதை ஒட்டிய நாட்களில் கப்பலிலும் விடுதியிலும் இடம் கிடைப்பது கஷ்டம். ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை முடிவதற்குள் முடித்துவிடுங்கள்.