அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்காதீர்கள்

வணக்கம் அம்மா,

என் அக்காவுக்கு இடப்பக்க மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் அக்குளிலிருந்து 16 நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள். கதிர்வீச்சும் முடிந்து பத்து மாதம் ஆகிறது. இரண்டு வாரமாக இடது கையில் கடிகாரப் பட்டை இறுக்குகிறது. சாயங்காலமானால் கை கனக்கிறது என்கிறாள், விடிந்தால் குறைந்துவிடுகிறது. அந்தக் கையால் ஒன்றையும் தூக்கவிடாமல் நாங்களே எல்லாம் செய்கிறோம். நீர் மாத்திரை போட்டால் வடிந்துவிடும் என்கிறார்கள். போடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீர் மாத்திரை வேண்டாம். இந்த மாதிரிக் கையில் பெரும்பாலும் தேங்குவது நிணநீர், அதாவது திசுக்களிலிருந்து வடியும், புரதம் கலந்த திரவம். மாத்திரை தண்ணீரைத்தான் வெளியேற்றும். புரதம் அங்கேயே கிடந்து மறுபடி தண்ணீரை இழுக்கும்.

கையின் நிணநீர் அக்குளில் உள்ள முடிச்சுகள் வழியாக வடிகிறது. அவற்றை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சும் கொடுக்கும்போது வடிகால் குறுகிப்போகிறது. அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. முதல் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான். விடிந்தால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி எனக்கு நிம்மதி தந்தது. இன்னும் தானாக வடியக்கூடிய கட்டம் இது. கவனிக்காமல் விட்டால் தோலுக்கடியில் நார் போலத் திசு இறுகும். பிறகு கையை எவ்வளவு உயர்த்தி வைத்தாலும் வடியாது.

இருந்தாலும் புதிதாக வந்த வீக்கத்துக்கு நாமே பெயர் வைக்கக்கூடாது. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தாலும் கை வீங்கும், அக்குளில் நோய் திரும்பினாலும் வீங்கும். இந்த வாரமே அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று வீங்கி, வலித்து, நிறம் நீலமானால் அன்றைக்கே போக வேண்டும்.

போவதற்கு முன் இரண்டு கைகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மேஜைமேல் கையை நீட்டி வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு புள்ளியாகப் பேனாவால் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் இஞ்ச் டேப்பைச் சுற்றுங்கள். டேப் தோலைத் தொட்டால் போதும், இறுக்கினால் அளவு பொய்யாகும். ஏதாவது ஓரிடத்தில் மற்றக் கையைவிட 2 செ.மீ. கூடுதலாக இருந்தால் வீக்கம் என்று கொள்வது வழக்கம். ஆனால் வலதுகைப் பழக்கக்காரருக்கு வலது கை இயல்பாகவே சற்றுப் பருத்திருக்கும். அக்காவும் அப்படியென்றால் இடக்கை வீக்கத்தில் ஒரு பகுதி அந்த அளவுக்குள் ஒளிந்துகொள்ளும். அறுவைக்கு முன்பே எல்லோருக்கும் அளந்து வைத்தால் இந்தக் குழப்பம் இருக்காது. இனி மாதம் ஒருமுறை, அதே நேரத்தில் அளந்து வாருங்கள்.

நிணநீர் வீக்கம்தான் என்று உறுதியானால், அதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தேவை. அவர் செய்யும் மசாஜ் தோலை மெதுவாக நகர்த்துகிற அளவுக்குத்தான் இருக்கும். அழுத்திப் பிடித்துவிடுவதால் பயனில்லை. கம்ப்ரெஷன் ஸ்லீவ், அதாவது கையை இறுக்கிப் பிடிக்கும் உறை, தருவார்கள், பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. பாதரச அழுத்தத்தில். கையை அளக்காமல் வாங்கினால் முழங்கையில் மடிந்து கயிறு கட்டியதுபோல் இறுக்கும், புறங்கை வீங்கும். காலையில் எழுந்ததும் போட்டு இரவில் கழற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது மாற்ற வேண்டும், பழசு தளர்ந்து அழுத்தம் தராது.

தோலில் வெடிப்பு விழாமல் ஈரப்பசை கிரீம் தடவி வரச் சொல்லுங்கள். கை சிவந்து சூடாகி, குளிர்காய்ச்சலும் வந்தால் அது தொற்று. அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும், ஒவ்வொரு தொற்றும் மிச்சமிருக்கும் வடிகாலையும் கெடுக்கும். ஊசியும் ரத்த அழுத்தம் பார்ப்பதும் முடிந்தவரை வலக்கையில் இருக்கட்டும். அவசரத்தில் இடக்கையில் பார்த்துவிட்டால் பயப்படாதீர்கள். உடல் எடை கூடுவதும் தோல் தொற்றும் அதைவிடக் கவனிக்க வேண்டியவை.

நீங்கள் அன்பால் செய்கிற ஒன்றுதான் எனக்குக் கவலை. தசை சுருங்கி விரியும்போதுதான் நிணநீர் மேலே நகர்கிறது. அசையாத கையில் அது தேங்கும், தோளும் இறுகும். 2009இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. ஏற்கெனவே கை வீக்கம் உள்ள பெண்கள் ஸ்லீவ் அணிந்து, வாரம் இருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகினார்கள். வீக்கம் கூடவில்லை. வீக்கம் தீவிரமாகும் தருணங்கள் பழகாதவர்களைவிடக் குறைவாகவே வந்தன.

மருத்துவர் ரத்த உறைவு இல்லை என்று சொன்னதும் அக்கா தன் வேலைகளைத் தானே செய்யட்டும். கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி, விரல்களை மூடித் திறப்பது 20 தடவை. சுவரில் விரல்களை மேலே நடத்துவது 10 தடவை. பிறகு அரைக் கிலோ எடையில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்லக் கூட்டலாம். மறுநாளும் கை கனத்தால் எடையைக் குறையுங்கள், பயிற்சியை நிறுத்தாதீர்கள்.