கழற்றித் தந்தா, ஒன்றும் சொல்லேல்லை

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 33 வயது. விசுவமடுவில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் கூட்டாளிமாரோடு பாங்கொக் சுற்றுலா போனபோது, கோயில் பார்க்கப் போன வழியில் ஒரு ஓட்டோக்காரர் எங்களை நகைக்கடை ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரசாங்க ஆதரவில் அன்றைக்கு ஒருநாள் மட்டும் மலிவு விற்பனையாம். சான்றிதழோடு ஒரு சின்ன நீலக்கல் வாங்கினேன். கொழும்பில் காட்டியபோது நல்ல கல் என்றார்கள். அடுத்த மாதம் திரும்பவும் போய், மாணிக்கமும் நீலமுமாக 25 இலட்சத்துக்கு வாங்கி வந்து இங்கே விற்க யோசித்திருக்கிறேன். முதலுக்கு அக்காவிடம் 9 பவுன் தாலிக்கொடியைக் கேட்டேன், கழற்றித் தந்தா, ஒன்றும் சொல்லேல்லை (அத்தானை 2009 வைகாசியிலிருந்து காணவில்லை). அதை ஈடு வைத்து, என்னுடைய சேமிப்பையும் சேர்த்துக் காசு தயார். இலாபம் வந்தால் மருமகளின் படிப்புக்கும் கலியாணத்துக்கும் ஆகும். உண்மையான கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது? லூப் கண்ணாடி ஒன்று வாங்கினால் போதுமா?
பெயர் வேண்டாம், விசுவமடு

பதில்:

தம்பி, ஓட்டோக்காரரைப் பற்றி எழுத உமக்கு ஒரு முழு வரி கிடைத்திருக்கிறது. அத்தானை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர். நான் அந்த அடைப்புக்குறியைத்தான் நாலு தரம் வாசித்தேன்.

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் அடகுப் பிரிவில்தான் அதிக காலம் இருந்தேன். கொடி ஈட்டுக்கு வருவது எனக்குப் புதினம் இல்லை. விதைநெல்லுக்கு வரும், உரத்துக்கு வரும், நுண்கடன்காரர் வாசலில் வந்து குந்தினால் வரும். கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறும், வெள்ளாமை வெட்டியதும் கொடி வீட்டுக்குத் திரும்பும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

காணாமற்போனவருடைய மனைவியின் கொடி அந்தக் கணக்கில் சேராது. கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் 2017 மாசியில் காணாமற்போனவர்களைக் கேட்டுத் தாய்மாரும் மனைவிமாரும் போராட்டம் என்று வந்து இருந்தார்களே, அந்தப் பந்தலைக் கடந்து நீர் எத்தனை தரம் மோட்டார் சைக்கிளில் போயிருப்பீர்? காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி அந்தப் பெண்களுக்குப் புத்தி சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். அதற்கெல்லாம் அவர்கள் வாயால் பதில் சொல்லிக் களைத்துப்போய், கடைசியில் கழுத்தால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆள் இருக்கிறார், வருவார், நான் கழற்ற மாட்டேன் என்று. உம்முடைய அக்காவும் இத்தனை வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். நீர் போய்க் கேட்டீர், கழற்றித் தந்தாள்.

ஒன்றும் சொல்லேல்லை என்று எழுதியிருக்கிறீர், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு. அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்? தகப்பன் இல்லாமல் வளர்ந்த ஒரு பெண் பிள்ளையை உயர்த்தி விட வேண்டும். நாளைக்கு அந்தப் பிள்ளையின் கலியாணப் பந்தலில் தாய்மாமன் என்று நிற்க நீர் வேண்டும். ஆசுப்பத்திரிக்கு ஏற்றிப் போக, மாப்பிள்ளை வீட்டாரோடு கதைக்க, எல்லாத்துக்கும் நீர்தான். அப்படி இருக்கிறவள் உம்மிடம் 'ஏலாது' என்று சொல்லுவாளா? மறுக்க வழியில்லாத ஆளிடம் போய் நின்று கையை நீட்டிவிட்டு, கேட்டு வாங்கினேன் என்று எனக்கு எழுதாதேயும்.

கொடி இருந்தவரைக்கும் அவளுக்கு யாரிடமும் கை நீட்டாத ஒரு முதல் இருந்தது, அதையும் யோசியும். 2009 இல் கடைசிச் சண்டை நேரம் மாத்தளன் பக்கம் அரிசிக்கும் பால்மாவுக்கும் பவுனைக் கழற்றிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். அங்கேயும் கழற்றாமல் அல்லது ஒளித்துத்தான் அவள் இதைக் கொண்டுவந்திருப்பாள். 

சரி, கல்லுக்கு வருவோம். உண்மையான கல்லை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர். உம்மால் முடியாது. லூப் பத்து மடங்கு பெருப்பித்துக் காட்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லித் தராது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வருடம் இரத்தினபுரியில் இருந்தேன். கல் கிடக்கிற பரல் மண்ணுக்கு அங்கே 'இல்லம்' என்று பேர். சிங்களத்தில் அது வேறு, ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்கிற நேரமெல்லாம் எனக்கு வீட்டு ஞாபகம் வரும். அங்கே பழைய ஆட்கள் ஒரு கதையைச் சொல்லிச் சொல்லி நெஞ்சில் அடிப்பார்கள். பால் விட்ட தண்ணீர் மாதிரிக் கலங்கிய ஒரு கல் உண்டு, 'கெவுடா' என்பார்கள். ஒருத்தரும் மதிக்காத கல். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மலிவாக அள்ளிக்கொண்டு போய், 1500 பாகைக்கு மேல் சூடாக்கினார்கள். கலங்கல் போய் நீலம் ஏறியது. எங்கட நாட்டுக் கல், அவர்களுடைய அடுப்பு, அவர்களுக்கு இலாபம். பாங்கொக்கில் நீர் வாங்கின நீலமும் இரத்தினபுரிக் குழிக்குள் பிறந்ததாக இருக்கலாம். அதைக் காசு கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்து இலங்கையிலேயே விற்கப் பார்க்கிறீர். நந்திக்கடலுக்கு இறால் ஏற்றுகிற வேலை.

அந்தக் கடைக்கு நீர் போன கதையில் விட்டுப்போனதை நானே சொல்கிறேன், பிழை என்றால் எழுதும். கோயிலுக்குக் கிட்ட நல்ல உடுப்புப் போட்ட ஒருவர், இன்றைக்குக் கோயில் பூட்டு, ஏதோ விசேஷம் என்று சொல்லியிருப்பார். ஓட்டோக்காரர் பெரிதாகக் கூலி கேட்டிருக்க மாட்டார், அவருக்குக் கடையில் தரகு. வழியில் இன்னொருவர் தற்செயலாகச் சந்தித்தது போலக் கதை கொடுத்து, தானும் இப்படி வாங்கித் தன்னுடைய நாட்டில் நல்ல விலைக்கு விற்றதாகச் சொல்லியிருப்பார். கடையில் குடிக்கக் குளிர்பானம் வந்திருக்கும். இந்த நாடகம் பாங்கொக்கில் பல பத்து வருடமாக மேடையேறுகிறது. அரசாங்கம் அப்படி ஒருநாள் மலிவு விற்பனை நடத்துவதே இல்லை.

இதில் பொல்லாத பகுதி என்னவென்றால், அந்தக் கல் பெரும்பாலும் உண்மையான கல்லாகவே இருக்கும். சான்றிதழில் இயற்கை நீலம் என்று எழுதியிருக்கும், அதுவும் பொய்யாக இராது. மட்டமான கல்லை அதன் பெறுமதியின் பல மடங்குக்குத் தலையில் கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். விலை சரியா என்று எந்தச் சான்றிதழும் சொல்லாது. கொழும்பில் நல்ல கல் என்றவர் அதை என்ன விலைக்குக் கேட்டார்? கேட்டிருந்தால் நீர் அந்தத் தொகையைத்தான் முதல் வரியில் எழுதியிருப்பீர்.

உண்மை இல்லாத கல்லின் கதை இன்னும் நீளம். வேர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் சுவாலையில் உருக்கி மாணிக்கம் வளர்க்கிற முறையை 1902 இலேயே அறிவித்துவிட்டார். அது கண்ணாடி இல்லை. மண்ணுக்குள் கிடந்த மாணிக்கத்தின் அதே அலுமினியம் ஒட்சைட்டு, அதே கடினம், மோஸ் அளவில் 9. கீறிப் பார்த்தால் தேறும். உள்ளே வளைந்த கோடுகளும் காற்றுக் குமிழும் இருக்கும், அதுவும் பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும். பிறகு, வெடிப்புக்குள் ஈயக் கண்ணாடியை உருக்கி ஊற்றி மூடிய மாணிக்கம் 2000களில் வந்து சந்தையில் குவிந்தது. பார்க்க இரத்தச் சிவப்பு. பத்தர் மோதிரம் திருத்தச் சூடு காட்டினால் பழுது, தேசிக்காய்ச் சாறு பட்டாலே உள்ளே இருக்கிற கண்ணாடி அரிபடும். மீன் கழுவுகிற கைக்கு அந்த மோதிரத்தைப் போட்டுப் பாரும். பெரிலியம் சேர்த்துச் சூடாக்கி நிறமேற்றுவது இன்னொரு வித்தை, அதைப் பிடிக்கப் பரம்பரை வியாபாரியே ஆய்வுகூடத்துக்குத்தான் அனுப்புகிறான். நீர் லூப் வாங்கலாமா என்று கேட்கிறீர்.

எங்கட பக்கத்திலும் இந்தப் பித்து இருந்ததுதான். வெள்ளைக்காரன் காலத்தில் சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தால், அரசாங்கப் பங்குச் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் எடுத்தவனுடைய அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் நாற்றச் சிப்பி. ஆனால் அங்கே விற்கிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. பாங்கொக் கடையில் மேசைக்கு ஒரு பக்கம் இருக்கிறவனுக்குத் தெரியும்.

இனி, கொண்டுவந்து யாருக்கு விற்பீர்? கிளிநொச்சியில் ஒரு நகைக்கடைக்காரரும் உம்மிடம் தனிக் கல் வாங்க மாட்டார். அடகுக் கவுண்டரில் கல் வைத்த தோடு வந்தால், கல்லின் நிறையைக் கழித்துவிட்டு மிச்சத் தங்கத்துக்குத்தான் நாங்கள் காசு எழுதுவோம். சிவப்போ, பச்சையோ, கல்லுக்கு ஒரு சதம் இல்லை. 8 கிராம் ஒரு பவுன், உரைகல்லில் ஒரு கோடு, ஒரு துளி அமிலம், பத்து நிமிஷத்தில் காசு. நடுச்சாமத்தில் பிள்ளைக்கு வருத்தம் என்றாலும் விடிய எழும்பிக் காசாக்கலாம். அக்காவிடம் இருந்தது அந்தச் சாமான். அதைக் கொடுத்துவிட்டு, இங்கே ஒருத்தரும் உரைத்துப் பார்க்க முடியாத சாமானை நீர் வாங்கப் போகிறீர்.

பேருவளைக்கோ இரத்தினபுரிக்கோதான் போக வேண்டிவரும். பேருவளை வியாபாரிமார் தமிழ் பேசுகிறவர்கள், கதைக்கக் கஷ்டம் இல்லை. ஆனால் அவர்கள் தாங்களே பாங்கொக்குக்கும், 1998 இல் நீலம் கண்டெடுத்த பிறகு மடகஸ்காருக்கும் போய் வருகிறவர்கள். தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து கல்லை வெயிலில் பிடித்துப் பார்த்தவர்கள். அவர்களிடம் நீர் சில்லறை விலைக்கு வாங்கின கல்லை நீட்டினால், தேத்தண்ணி தந்து, மரியாதையாகக் கால் விலை சொல்லுவார்கள். அதில் அவர்களுடைய குற்றம் ஒன்றும் இல்லை. இதைவிட, கல் வியாபாரத்துக்குத் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும், கொண்டுவருவதைச் சுங்கத்தில் காட்ட வேண்டும். காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று யாராவது சொன்னால் அவரையும் ஓட்டோக்காரரோடு சேர்த்துக்கொள்ளும்.

கல்லில் உண்மையாகவே ஆசை என்றால், கடையை இரண்டு கிழமை பூட்டிவிட்டுப் பேருவளைக்குப் போய் ஒருவருக்குப் பக்கத்தில் சும்மா இருந்து பாரும். கடுவெலயில் இரத்தினக்கல் படிப்பிக்கிற அரசாங்க நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரியும். திரும்பவும் பாங்கொக் போனாலும், காசு எண்ண முதல் கல்லை வெளியில் ஒரு ஆய்வுகூடத்தில் காட்ட வேண்டும் என்று கேளும். நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார். இதையெல்லாம் உம்முடைய சேமிப்பில், தொலைந்தாலும் நித்திரை வரக்கூடிய தொகையில் செய்யும். தொலைபேசிக்குள் இருக்கிற மயிர் அளவு கம்பியைப் பற்றவைக்கிற கை உமக்கு, பழகினால் கல்லும் வரும். அது உம்முடைய பாடு, நான் குறுக்கே நிற்கவில்லை.

கொடிக் காசுக்குத்தான் நான் குறுக்கே நிற்கிறேன். இலாபத்தில் மருமகளுக்குக் கலியாணம் செய்வேன் என்று எழுதியிருக்கிறீர். அந்தப் பிள்ளைக்கு நீர் தாய்மாமன். காது குத்தும்போது மடியில் இருத்தினது நீராகத்தான் இருக்கும், பெரியபிள்ளையானபோது தண்ணீர் வார்த்ததும் நீராகத்தான் இருக்கும். அந்தக் கடமை இலாபம் வந்தால் செய்கிறது, வராவிட்டால் விடுகிறது என்று இல்லை. உம்முடைய கடை வருமானத்தில் மாதாமாதம் போட வேண்டியதை அவளுடைய தாயின் கழுத்தில் இருந்தே எடுத்து, பாங்கொக்குக்கு அனுப்பி, திரும்பி வந்தால் தருகிறேன் என்கிறீர். இதற்கு எங்கட ஊரில் நல்ல பேர் ஒன்றும் கிடையாது.

ஈட்டுச் சீட்டை எடுத்துப் பாரும். பெரும்பாலும் உம்முடைய பெயரில்தான் இருக்கும். காசு இன்னும் செலவாகவில்லை என்றபடியால் நாளைக்கே மீட்கலாம், இத்தனை நாள் வட்டி மட்டும்தான் போகும். அதை உம்முடைய சேமிப்பில் கட்டும். விமானச் சீட்டுக் காசு திரும்பி வராவிட்டால் போகட்டும்.

கொடியை வேறு யாரிடமும் கொடுத்து விடாதேயும். நீரே கொண்டுபோம், மருமகள் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்து. பெரிய கதை ஒன்றும் வேண்டாம், 'பிழை விட்டிட்டன் அக்கா' என்றால் போதும். அவள் உடனே போட்டுக்கொள்வாளோ, அலுமாரிக்குள் வைப்பாளோ, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுச் சும்மா இருப்பாளோ தெரியாது. அதை அங்கே நின்று பார்த்துக்கொண்டு இராமல் கடையைத் திறக்கப் போம்.