வீடு கட்டி முடியட்டும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 27 வயது. மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டம், வேலை கொழும்பில் புடவைக் கடையில். பக்கத்து டிவிசன் பிள்ளையோடு ஐந்து வருடப் பழக்கம். அவர் முன்பள்ளியில் படிப்பிக்கிறார். "எழுத்தையாவது வைப்போமே" என்று கலியாணப் பதிவுக்குக் கேட்கிறார். எங்களுக்கு லயத்து வரிசை வீட்டில் ஒரே காம்பரா (அறை), அதில் அம்மா, அப்பா, தங்கச்சி. வீடு கட்ட வேண்டும், தங்கச்சியைக் கரைசேர்க்க வேண்டும், கட்டார் போகவும் யோசனை. அவர் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறேன். அவரைப் பிடிக்கும். ஆனால் ஆயுசு முழுக்க என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. அவரை ஏமாற்றுகிறேனா? அவர் வீட்டில் போய்ப் பேசிவிடவா?

*

அன்புள்ள தம்பி,

பயப்படுவது ஏமாற்று இல்லை. பேச்சை மாற்றுகிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது.

காம்பராக் கதை தெரியாதவள் இல்லை நான். பத்துக்குப் பன்னிரண்டு அடியில், ஒரு சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியவர்கள் நம் ஆட்கள். அதை நினைத்துத் தயங்குவதில் வெட்கமில்லை. (வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணி தருகிற பேச்சை எத்தனை தேர்தலில் கேட்டாயிற்று!) ஆனால் வீடு, தங்கச்சி, கட்டார் என்று அடுக்கிவிட்டு, பயத்தைக் கடைசியில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கே புதுவீட்டுச் சாவி கைக்கு வந்தால் அடுத்த மாதம் எழுத்து வைப்பீர்களா? "வைப்பேன்" என்று மனது உடனே சொன்னால் பிரச்சினை வீடுதான். "கொஞ்சம் பொறுப்போம்" என்றால் வீட்டின் மேல் பழி போடாதீர்கள்.

1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், நம் மலையக ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். ஒருவருக்கு அந்த நாடு, மற்றவருக்கு இந்த நாடு என்றாகிப் பிரிந்துபோன சோடிகள் உண்டு. அவர்கள் கையில் எதுவும் இருக்கவில்லை. உங்கள் விஷயம் உங்கள் கையில்தானே இருக்கிறது?

அந்தப் பிள்ளையின் பக்கத்தையும் பாருங்கள். தோட்டத்தில் காதல் ரகசியமாக இருக்குமா? தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நாலு பேருக்குத் தெரிந்தால் மறுநாள் கொழுந்து மலை முழுக்கத் தெரியும். நீங்கள் கொழும்புக்கு பஸ் ஏறிவிடுகிறீர்கள். அவர் அங்கேயே இருந்து, "என்னம்மா, எப்ப கலியாணம்?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் சிரித்துச் சமாளிக்க வேண்டும். வந்த சம்பந்தங்களைத் தட்டிக்கழித்தும் இருப்பார், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். குழப்பம் உங்களுடையது, அதற்குப் பேச்சு வாங்குவது அவர்.

அதனால் முதலில் அவரிடம் பேசுங்கள். போனில் வேண்டாம், அடுத்த லீவில் நேரில். பயத்தையும் சொல்லுங்கள். எவ்வளவு காலம் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். "வீடு முடியட்டும்" என்றெல்லாம் இழுக்காமல், வருகிற தைப்பொங்கலுக்குள் என்கிற மாதிரி ஒரு கெடு. அதுவரை காத்திருப்பதா, வேறு சம்பந்தம் பார்ப்பதா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. இதைப் பேசாமல் மட்டும் கட்டாருக்குப் போய்விடாதீர்கள்.

அவர் வீட்டில் பேசுவதா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். பெரியவர்கள் காதில் போட்டால் ஒரே வாரத்தில் நாள் குறித்துவிடுவார்கள், நீங்களும் வாய் திறக்காமல் போய் மணவறையில் உட்காருவீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததில் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.