கெண்டைக்கால் வலியும் ரேஷன் எண்ணெயும்

வணக்கம் ஐயா,

மொரீஷியஸ் தீவின் காத்ர் போர்ன் நகரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 65. பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷமாகச் சர்க்கரை உண்டு, சிகரெட்டையும் விடவில்லை. இப்போது சந்தைக்கு நடந்து போனால் பாதி வழியில் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும், மறுபடி நடந்தால் மறுபடி வலி. அரசு மருத்துவமனையில் கையிலும் கணுக்காலிலும் பிரஷர் எடுத்துப் பார்த்து, விகிதம் 0.7, கால் தமனியில் அடைப்பு என்றார்கள். கொடுத்தது என்னவோ மாத்திரைகள்தான். சிகரெட்டை நிறுத்து, வலித்தாலும் நட என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குக் கோபம். "இலவச ஆஸ்பத்திரி, செலவு பண்ண மனசில்லை" என்கிறார் மாமா. சென்னைக்குக் கூட்டிப் போய் பலூன் விட்டு அடைப்பை எடுத்துவிடலாம் என்று டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். பெரியம்மாவோ, அந்தக் காலத்து ரேஷன் எண்ணெயை மாற்றினார்கள், அதிலிருந்துதான் வீட்டுக்கு வீடு இந்த நோய் என்கிறார். உலகம் முழுக்க இவ்வளவு ஆராய்ச்சி செய்து கடைசியில் கண்டுபிடித்தது "நட" என்பதுதானா ஐயா? வரும் தைப்பூசத்துக்கும் காவடி எடுப்பேன் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். அதற்குள் கால் சரியாக வேண்டும்.

தே.

அன்புள்ள தே.,

ஆமாம், கண்டுபிடித்தவற்றில் "நட" என்பதும் ஒன்று. அதைக் கைவிரிப்பு என்று மாமா நினைக்கிறார். நான் மருத்துவன் அல்லன், அப்பாவின் காலைப் பார்த்தவனும் அல்லன். ஆனால் அந்த அறிவுரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியும்.

மாமாவின் மனதில் இருப்பது தண்ணீர்க் குழாய். அடைத்துக்கொண்டால் குத்தி எடுத்துவிட்டால் போதும். தமனி அப்படிப்பட்டதல்ல. அதன் சுவர் உயிருள்ள தசை, உள்பக்கத்தில் ஒரே அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய தோல் விரிந்திருக்கிறது. நோய் தொடங்குவது அந்தத் தோலுக்கு அடியில். ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து வரும் எல்.டி.எல். துகள்கள் அதற்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன. அவற்றை அகற்ற வந்த வெள்ளணுக்கள் விழுங்கி விழுங்கி, கொழுப்பு நிறைந்து அங்கேயே கிடக்கின்றன. சுவர் வீங்குகிறது, அழல்கிறது, தழும்பாகிறது, பிறகு சுண்ணாம்பு படிகிறது. சர்க்கரையும் புகையும் முதலில் கெடுப்பது அந்த மெல்லிய தோலைத்தான். ஒரு இடத்தில் மட்டும் இது நடப்பதில்லை. கெண்டைக்காலுக்குப் போகும் தமனியில் இருக்கிறதென்றால், பெரும்பாலும் இதயத்திலும் கழுத்திலும்கூட ஏதோ ஒரு அளவில் இருக்கும்.

கொழுப்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பை 1913இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டிக் காட்டினார். நாய்களுக்கும் எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அப்படி வரவில்லை, எனவே பல ஆண்டுகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டார்கள். அந்தப் பிராணிகளின் உடல் கொலஸ்ட்ராலை வேறு விதமாகக் கையாள்கிறது என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. ஆராய்ச்சி அடிக்கடி பேச்சை மாற்றுகிறது என்று நம் ஊரில் சலித்துக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் அது மாற்றியதைவிட, சொன்னதை நம்ப எடுத்துக்கொண்ட காலம்தான் அதிகம்.

இனி பலூன். உங்கள் மாமாவுக்கு இந்தக் கதை பிடிக்கும். உலகில் முதன்முதலாகத் தமனியை உள்ளிருந்தே விரித்துத் திறந்தது இதயத்தில் அல்ல, காலில். 1964 ஜனவரி 16, அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் போர்ட்லண்ட் நகரம். 82 வயதுப் பெண்மணி, விரல்கள் கறுத்து அழுகிவிட்டன, காலை எடுக்க வேண்டும் என்கிறார்கள், அவர் மறுக்கிறார். சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் தொடைத் தமனிக்குள் ஒன்றைவிட ஒன்று பருமனான குழல்களைச் செலுத்தி அடைப்பை விரித்தார். பாதம் சூடு கண்டது, வலி போயிற்று, புண் ஆறியது. அந்த அம்மாள் தன் இரண்டு காலாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் நடந்தார். அறுவை மருத்துவர்கள் டாட்டரைக் கிறுக்கன் என்றார்கள். பலூனை வைத்து இதயத் தமனியைத் திறக்கும் முறை ஆண்ட்ரியாஸ் குருன்சிக் கையால் வந்தது 1977இல்தான்.

அந்த அம்மாளுக்கு விரல் செத்துக்கொண்டிருந்தது. உங்கள் அப்பாவுக்கு நடந்தால் வலிக்கிறது, நின்றால் போகிறது. இரண்டும் ஒரே நோயின் இரண்டு நிலைகள், ஆனால் மருத்துவம் வேறு. படுத்திருக்கும்போதே, குறிப்பாக ராத்திரியில் பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால்தான் ஆறுதல் என்றாலோ, புண் ஆறாமல் இருந்தாலோ, விரல் நிறம் மாறினாலோ உடனே திறக்க வேண்டும். அப்போது மாமா டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே இங்குள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்த நிலைக்கு வராதவர்களிடம் நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2012இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், வயிற்றிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய தமனியில் அடைப்புள்ள 111 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். ஒன்றுக்கு மருந்தோடு ஸ்டென்ட், அதாவது தமனியைத் திறந்தே வைத்திருக்கும் வலைக் குழல். இன்னொன்றுக்கு மருந்தோடு, பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கண்காணிக்க நடைப் பயிற்சி. ஆறு மாதம் கழித்து நடைக்கருவியில் நிற்காமல் நடக்கும் நேரம் மருந்துப் பிரிவில் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் கூடியிருந்தது, ஸ்டென்ட் பிரிவில் மூன்றரை நிமிடத்துக்கு மேல், நடந்தவர்களிடம் கிட்டத்தட்ட ஆறு நிமிடம். மாமாவுக்கும் நியாயம் செய்ய வேண்டும்: அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது கூடுதல் திருப்தி சொன்னவர்கள் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள். ஆகவே பலூனும் ஸ்டென்டும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று நான்கு மாதம் ஒழுங்காக நடந்தும் பிழைப்பு நடத்த முடியாதபடி வலி இருந்தால் அடுத்த படி அதுதான். முதல் படியே அது என்றால் எனக்கு உடன்பாடில்லை. சுவரின் நோய் அப்படியே இருக்க ஒரு இடத்தை மட்டும் திறந்தால், மறுபடி சுருங்குவதற்கும் வேறிடத்தில் அடைப்பதற்கும் வாய்ப்பு உண்டு, அதுவும் சிகரெட் தொடர்ந்தால்.

நடந்தால் என்ன ஆகிறது? அடைப்பு கரைவதில்லை. பயிற்சிக்குப் பிறகு கணுக்கால் விகிதத்தை அளந்தால் பெரும்பாலும் பழைய எண்ணே வருகிறது (0.9க்கு மேல் இருந்தால்தான் சரியான அளவு, அப்பாவின் 0.7 நடுத்தரமான அடைப்பு). இருந்தும் வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடுகிறது, சிலருக்கு இரட்டிப்பாகவே. கிடைக்கிற கொஞ்சம் ஆக்சிஜனை வைத்தே வேலை செய்யத் தசை பழகிக்கொள்கிறது, தமனியின் உள்தோல் சற்றுத் தெளிகிறது, நடையும் சிக்கனமாகிறது. இதில் முறை முக்கியம். வலி வந்ததும் நிற்கக் கூடாது, ஓரளவு கடுக்கும் வரை நடக்க வேண்டும். பிறகு நின்று, வலி முழுக்க அடங்கியதும் மறுபடி நடக்க வேண்டும். இப்படி முப்பது நாற்பது நிமிடம், வாரத்தில் குறைந்தது மூன்று நாள், பன்னிரண்டு வாரம். சும்மா "நட" என்று சொல்லி அனுப்பினால் பலர் வலி வந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். இதை உட்கார்ந்து விளக்க யாருக்கும் நேரமில்லாததுதான் உங்கள் அப்பாவின் கோபத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன், அந்தக் கோபம் நியாயமானதும்கூட. நடைக்குப் போவதற்கு முன் நெஞ்சு வலி, மூச்சிரைப்பு ஏதும் உண்டா என்று மருத்துவரிடம் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும்.

மாத்திரைகள் கால் வலிக்கானவை அல்ல. கால் தமனி அடைத்தவர்களில் பெரும்பாலோர் காலால் சாவதில்லை, மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் சாகிறார்கள். 2002இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு 20,536 பேரை எடுத்துக்கொண்டது, அவர்களில் கால் தமனி நோயாளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரையைத் தினமும் 40 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், தமனி அறுவை எல்லாம் சேர்த்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கொலஸ்ட்ரால் சாதாரண அளவில் இருந்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. "கொலஸ்ட்ரால் நார்மல், மாத்திரை எதற்கு" என்று அப்பா நிறுத்திவிட்டால் இதைச் சொல்லுங்கள்.

பெரியம்மாவுக்கு வருவோம். அவர் சொல்வது நடந்ததுதான், ஆனால் தலைகீழாகச் சொல்கிறார். 1987 வரை நம் ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில். அந்த வருஷம் நாடு முழுக்க நடந்த ஆய்வு சர்க்கரையும் இதய நோயும் இங்கே எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டியதும், அரசு அதைப் பெரும்பாலும் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992இல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மக்களின் சராசரி மொத்தக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7க்கு இறங்கியிருந்தது. சென்னை ஆய்வகங்கள் தரும் மில்லிகிராம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 213 என்பது 182 ஆனது. அதில் பாதியளவு எண்ணெய் மாற்றத்தால் வந்தது என்று கணக்கிட்டார்கள். அந்தப் பாதிக்காக யாரும் பத்தியம் இருக்க வேண்டியிருக்கவில்லை, கத்தோ பிமா என்ற மிளகாய் வடை பொரிப்பதை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. கடையில் வேறு எண்ணெய் வந்தது, அவ்வளவுதான். சுமார் பன்னிரண்டு லட்சம் பேர் வாழும் நம் தீவைப் பற்றி உலக மருத்துவ ஏடுகளில் வந்த கட்டுரைகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் டோடோ பறவையைச் சொல்லித் தருகிறோம், இதைச் சொல்லித் தருவதில்லை.

ஆனால் பெரியம்மாவின் கண்ணில் பட்டதும் பொய்யல்ல. அதே ஐந்து வருஷத்தில் புகைப்பவர்கள் குறைந்தார்கள், ரத்த அழுத்தமும் இறங்கியது, ஆனால் உடல் பருமன் கூடியது, சர்க்கரை குறையவே இல்லை. இன்றைக்கு இங்கே வளர்ந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. வீட்டுக்கு வீடு அவர் பார்ப்பது அதைத்தான்.

கடைசி வரியில் போகிற போக்கில் காவடி பற்றி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி அது ஒன்றுதான். நெடுநாள் சர்க்கரை பாத நரம்புகளை மரக்க வைக்கும். கொதிக்கும் தார் சுட்டாலும், கல் குத்தினாலும் அப்பாவுக்குத் தெரியாமல் போகலாம். நல்ல ரத்த ஓட்டம் உள்ளவருக்கு ஒரு வாரத்தில் ஆறும் கொப்புளம், 0.7 உள்ள காலில் ஆறாமல் நின்று விரலைக் கேட்கும், சில சமயம் காலையே. தைப்பூசம் நம் ஊரில் கோடையின் உச்சத்தில் வருகிறது. மலைமேல் இருக்கும் கோவில் மொந்தாஞ் படிகளில் வெறுங்காலோடு ஏறுவது எனக்கும் பழக்கம், அந்தச் சூடு எனக்குத் தெரியும். ஆணிச் செருப்பு போடுகிறவராக இருந்தால் பேச்சே இல்லை, வேண்டாம்.

பக்தியை விடு என்று நான் சொன்னால் அவர் கேட்கவும் மாட்டார், எனக்கு அந்த அதிகாரமும் இல்லை. அடுத்த தடவை சர்க்கரை மருத்துவரிடம் போகும்போது பாதத்தைக் காட்டி, மெல்லிய நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. உணர்ச்சி போயிருந்தால் கோயில் குருக்களிடமே போய்ப் பேசுங்கள். பாதத்தை மூடிக்கொண்டு நடக்கலாமா, வேண்டுதலை பால்குடமாகக் கோயிலுக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாமா, உங்கள் தம்பி யாராவது அவருக்காக எடுக்கலாமா என்று கேளுங்கள். விரதம் இருக்கும் பத்து நாளும் சர்க்கரை மாத்திரையின் அளவை மாற்ற வேண்டுமா என்பதையும் மருத்துவரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள், அந்த நாட்களில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுகிறவர்கள் உண்டு. விரதத்தில் எப்படியும் சிகரெட்டைத் தொட மாட்டார் அல்லவா? பதினோராம் நாள் காலையில் அவர் பாக்கெட்டைத் தேடும்போது பக்கத்தில் இருங்கள்.