ழ வே, நூ ஸாலோன், ழிரே: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

கணவரின் வேலைக்காக லியோன் வந்து ஏழு மாதம் ஆகிறது. வாரம் மூன்று நாள் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். 'போ' என்ற ஒரே வினையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் போகிறேன் என்றால் 'ழ வே'. நாங்கள் போகிறோம் என்றால் 'நூ ஸாலோன்'. நான் போவேன் என்றால் 'ழிரே'. மூன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏன் என்று கேட்டால், "அப்படித்தான், மனப்பாடம் செய்யுங்கள்" என்கிறார்கள்.

இன்னொன்று. 'போனேன்' என்பதற்கு 'ழ ஸ்வி ஸாலே' என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். கீழ்வீட்டுப் பாட்டியோ சந்தைக்குப் போய் வந்ததை 'ழே எத்தே ஓ மார்ஷே' என்கிறார். 'எத்தே' என்றால் 'இருந்தேன்' அல்லவா? பாட்டி தப்பாகப் பேசுகிறாரா?

ஒரு வாசகி, லியோன்

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டி தப்பாகப் பேசவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இருக்கிறது.

ஒட்டும் உறவும் இல்லை என்று நீங்கள் எழுதியது சரியான கவனிப்பு. அவை உண்மையிலேயே உறவில்லாத மூன்று வினைகள். பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், கத்தலான், ருமேனியம் எல்லாம் லத்தீனிலிருந்து பிறந்தவை. 'ழிரே'யில் இருப்பது லத்தீனின் பழைய 'ஈரே', போவது. 'வே'யில் இருப்பது 'வாதெரே', விரைந்து போவது. 'ஸாலோன்' என்பதில் உள்ள 'அலே' எங்கிருந்து வந்தது என்பதில் இன்றும் சண்டை உண்டு. நடப்பதைக் குறித்த 'அம்புலாரே' தேய்ந்து அப்படி ஆனது என்பதே பெரும்பாலானோர் கருத்து. தமிழில் இதை நினைத்துப் பார்க்க ஒரு வழி: நம்மிடம் போ, செல், ஏகு என்று மூன்று சொற்கள் தனித்தனியாக இருக்கின்றன. நாளை முதல் ஊரே 'போகிறேன், செல்கிறோம், ஏகுவேன்' என்று மட்டும் பேசி, மற்ற வடிவங்களை எல்லாம் மறந்துவிட்டால், நம் பேரப்பிள்ளைகளுக்கும் இதே அட்டவணைதான் கிடைக்கும்.

சரி, ஏன் அப்படி மறந்தார்கள்? 'ஈரே' ரொம்பச் சின்ன சொல். நீ போகிறாய் என்பது 'ஈஸ்', அவன் போகிறான் என்பது 'இத்'. 'போ' என்று ஒருவரை ஏவினால் வெறும் 'ஈ', ஒரே ஓர் உயிரெழுத்து. பேச்சில் கடைசி மெய்கள் உதிரத் தொடங்கியபோது இந்த வடிவங்களில் காதில் விழ எதுவும் மிஞ்சவில்லை. நம்மிடமும் ஓர் 'ஈ' இருந்தது, கொடு என்ற பொருளில். ஈகை, ஈந்தான் என்று எழுத்தில் படிக்கிறோம். ஆனால் வீட்டில் யாரும் 'தண்ணீர் ஈ' என்று கேட்பதில்லை. வாயில் நிற்கும் அளவுக்குக் கனமான 'கொடு'வும் 'தா'வும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. லத்தீன்காரர்களும் அதையே செய்தார்கள்.

இதற்கு நல்ல சாட்சி ஜெரோமின் லத்தீன் விவிலியம், 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய மொழிபெயர்ப்பு. மத்தேயு 8-ஆம் அதிகாரத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். 9-ஆம் வசனத்தில் நூற்றுவர் தலைவர், தாம் ஒருவனைப் போ என்றால் அவன் போகிறான் என்கிறார். அங்கே 'வாதே', 'வாதித்'. பழைய ஈரேயின் 'ஈ'யும் 'இத்'தும் இல்லை. அதே அதிகாரம் 32-ஆம் வசனத்தில் பேய்களைப் பார்த்து இயேசு 'போங்கள்' என்கிறார். அங்கே 'ஈத்தே', பழைய ஈரேயேதான்! ஈரசைச் சொல் பிழைத்துக்கொண்டது, ஓரசைச் சொல்லுக்கு மாற்று ஆள் வந்துவிட்டார். அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியைத்தான் நீங்கள் லியோனில் உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறீர்கள்.

ஆனால் 'நாங்கள்', 'நீங்கள்' வடிவங்கள் மட்டும் ஏன் தனியாகப் போயின என்று அடுத்து கேட்பீர்கள். இதே பிரிவு உங்கள் பாடப்புத்தகத்தில் வேறு இடத்திலும் இருக்கிறது. வருகிறேன் என்பது 'ழ வியேன்', வருகிறோம் என்பது 'நூ வெனோன்'. லத்தீனில் அழுத்தம் முதல் வகையில் வேர் மீதும் இரண்டாம் வகையில் விகுதி மீதும் விழுந்ததால், ஒரே வேர் இரண்டு உருவம் எடுத்தது. அப்படி இரண்டாகப் பிரித்துப் பேசிப் பழகிய வாய், போகும் வினையில் இரண்டு வேர்களையே ஆளுக்கு ஒரு பக்கம் வைத்துக்கொண்டது. இத்தாலியிலும் இதே கதை: 'வாதோ' போகிறேன், 'அந்தியாமோ' போகிறோம். எதிர்காலத்தை மட்டும் அவர்கள் 'அந்த்ரோ' என்று இந்த இரண்டாவது வேரிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு 'ழிரே' பழைய ஈரேயை விடவில்லை.

ஸ்பெயின்காரர்களுக்கு அலேயும் இல்லை, 'அந்தியாமோ'வில் உள்ள அந்தாரேயும் இந்த அட்டவணையில் இல்லை. 'வோய்' போகிறேன், 'வாமோஸ்' போகிறோம், 'இரே' போவேன். பழைய ஸ்பானியத்தில் போகிறோம் என்பதற்கு 'இமோஸ்' என்றும் இருந்தது, ஈரேயின் நேர் வாரிசு. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாவில், இன்றும் 'இமோஸ்' என்று சொல்கிறார்கள். இன்னும் ஒரு ஆறுதல் செய்தி: தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் இந்த வினையில் தடுமாறுகிறார்கள். 'கிளம்பிப் போங்கள்' என்பதற்கு இலக்கணம் சொன்ன வடிவம் 'இதோஸ்'. ஸ்பெயினில் மக்கள் வாயில் வந்தது 'இரோஸ்'. 2017-இல் ஸ்பானிய அரச மொழிக் கழகம் 'இரோஸ்' என்பதையும் ஏற்றுக்கொண்டது.

பார்சிலோனாவுக்குப் போக வாய்ப்பு கிடைத்தால் காதைத் தீட்டிக்கொண்டு போங்கள். மழை வருவதுபோல் இருந்தால் பிரெஞ்சில் 'இல் வா ப்ளவ்வார்' என்பார்கள். 'மழை பெய்யப் போகிறது' என்று நாம் சொல்வது அப்படியே. அதே 'வா'வோடு பெய்தலைச் சேர்த்து, பார்சிலோனாவில் பேசும் கத்தலான் மொழியில் 'வா ப்ளௌரே' என்றால், மழை பெய்தது! குடை எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தால் மழை நேற்றே பெய்து முடிந்திருக்கும். இது எப்படி நேர்ந்தது? கதை சொல்லும்போது நாம் "நேற்று கடைக்குப் போகிறேன், பார்த்தால் இவன் நிற்கிறான்" என்று இறந்த காலத்தை நிகழ்காலத்தில் சொல்வதில்லையா? இடைக்காலக் கத்தலான் வரலாற்று நூல்களிலும் போர் வரும் இடங்களில் 'போய் வெட்டுகிறான், போய் வீழ்த்துகிறான்' என்ற தோரணை உண்டு. அந்தப் 'போய்' மெல்ல மெல்ல இறந்த காலக் குறியாகவே உறைந்துவிட்டது. ஒரே சொல் ஒரு மொழியில் முன்னால் போகிறது, பக்கத்து மொழியில் பின்னால் போகிறது. இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ருமேனியாவில் வேறு உலகம். அங்கே போகிறேன் என்பது 'மெர்க்'. லத்தீனில் 'மெர்கெரே' என்றால் மூழ்குவது. 'ப்ளிகாரே', மடிப்பது, என்ற சொல் ருமேனியத்தில் 'ப்ளெகா' ஆகிக் கிளம்புவதைக் குறிக்கிறது. ஸ்பானியத்தில் 'யெகார்' ஆகி வந்து சேர்வதைக் குறிக்கிறது. கூடாரத்தை மடித்தால் பயணம் ஆரம்பம், கப்பல் பாயை மடித்தால் கரை வந்துவிட்டது என்று வழக்கமாக விளக்குவார்கள். அந்த விளக்கம் முழுக்கச் சரியோ இல்லையோ, ஒரே சொல் இரண்டு எதிர்ப்பக்கங்களில் நிற்பது உண்மை.

இப்போது பாட்டி. ஸ்பானியத்தில் 'ஃபுய்' என்றால் 'இருந்தேன்', 'போனேன்' இரண்டும்தான். போர்த்துகீசியத்திலும் அதே. லத்தீனில் 'இருந்தேன்' என்ற பொருளில் இருந்த 'ஃபுய்', போகும் வினையின் இறந்த காலத்தையும் எடுத்துக்கொண்டது. பிரெஞ்சில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் பேச்சில் 'ழே எத்தே' என்று போனதைச் சொல்லும் வழக்கம் பழையது, 17-ஆம் நூற்றாண்டு நாடகங்களிலேயே 'இருந்தான்' என்ற வடிவம் 'போனான்' என்ற பொருளில் வருகிறது. ஓரிடத்தில் இருந்துவிட்டு வந்தவர் அங்கே போனவர்தானே. உங்கள் அம்மா போனில், "நேற்று கோயிலுக்குப் போயிருந்தேன்" என்று சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். அதில் போவதும் இருக்கிறது, இருப்பதும் இருக்கிறது. பாட்டி அதில் இரண்டாவது பாதியை மட்டும் சொல்கிறார். சந்தைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டார் என்ற குறிப்பும் அதில் உண்டு.

தேர்வில் மட்டும் 'ழ ஸ்வி ஸாலே' என்றே எழுதுங்கள். நீங்கள் பெண் என்பதால் கடைசியில் இன்னோர் 'எ' எழுத்தைச் சேர்க்க வேண்டும். காதில் விழாது, திருத்துகிறவர் கண்ணில் படும்.

அன்புடன்.