கடைக்காரர் காட்டிய 86 எந்தப் பெட்டிக்கு?

கேள்வி: என் தம்பி கல்லூரி முடித்துவிட்டான். வேலையில் சேர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பிறந்தநாளுக்கு ‘சைபர்பங்க் 2077’ கேம் கேட்கிறான். அவனிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 4 என்ற பழைய கேம் பெட்டி. எங்கள் ஊர்க் கடையில் பழைய டிஸ்க் 1,400 ரூபாய் சொல்கிறார்கள். கடைக்காரர் போனில் தேடிக் காட்டி, “86 மார்க் வாங்கின கேம், யோசிக்காம எடுத்துட்டுப் போங்க” என்றார். வீட்டுக்கு வந்து நான் தேடினால் 57 என்று வருகிறது. இரண்டுமே, விமர்சகர்களின் மார்க்கைச் சராசரி போட்டுக் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் மார்க்தான். எதை நம்புவது? இதற்கு நடுவில் இன்ஸ்டாகிராமில் ஒருவர் அதே கேமை 500 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டும் சரியான மார்க்தான். 86 கம்ப்யூட்டரில் ஆடும் பதிப்புக்கு. 57 உங்கள் தம்பியிடம் இருக்கும் பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, உங்களுக்குச் சம்பந்தமில்லாத உண்மையைச் சொல்லியிருக்கிறார். தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

ஒரே கேமுக்கு 29 மார்க் வித்தியாசம் எப்படி வந்தது என்று புரிந்தால் அடுத்த முறை யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. கேமை வெளியிடும் நிறுவனம், கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே விமர்சகர்களுக்கு அதை இலவசமாக அனுப்பிவிடும். கூடவே நிபந்தனைகளும் வரும்: இந்தத் தேதி, இந்த மணிக்கு முன்னால் ஒரு வார்த்தை எழுதக் கூடாது, கதையில் இந்த இடத்துக்கு மேல் வாய் திறக்கக் கூடாது. விமர்சகர் ராத்திரி பகலாக உட்கார்ந்து முப்பது நாற்பது மணி நேரம் ஆடுவார், எழுதுவார், கடைசியில் பத்துக்கு இத்தனை என்று போடுவார். மெட்டாகிரிட்டிக் அந்த மார்க்குகளை வாரி நூற்றுக்கு மாற்றி, ஒவ்வொரு பெட்டிக்கும் (கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் என்று கேம் ஆடும் கருவி ஒவ்வொன்றுக்கும்) தனித்தனியாகச் சராசரி போடும். சில பத்திரிகைகளுக்கு எடை அதிகம், சிலவற்றுக்குக் குறைவு. யாருக்கு எவ்வளவு என்று 2001இல் தொடங்கியதிலிருந்து இன்றுவரை சொன்னதில்லை. கேட்டாலும் சொல்வதில்லை.

இதில் ஓட்டை எங்கே என்றால், நிறுவனம் எந்தப் பெட்டிக்கான பிரதியை அனுப்புகிறதோ அதில்தான் விமர்சகர் ஆட முடியும். சைபர்பங்க் வெளிவந்தது 2020 டிசம்பர் 10. முதல் விமர்சனங்கள் டிசம்பர் 7 அன்றே வந்துவிட்டன. எல்லாம் கம்ப்யூட்டர் பதிப்பைப் பார்த்து எழுதியவை. பிளேஸ்டேஷன் மாதிரியான கன்சோல் பெட்டிகளுக்கான பிரதியை முன்கூட்டிக் கொடுக்கவில்லை. சொந்தமாகப் பதிவு செய்த வீடியோவைக் காட்டவும் அனுமதி இல்லை, நிறுவனம் தந்த காட்சிகளை மட்டும்தான் போட வேண்டும். அந்த மூன்று நாள் மார்க்கைப் பார்த்து உலகம் முழுக்க முன்பதிவு செய்தவர்களில் எத்தனையோ பேர் வீட்டில் பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள்.

நானும் ஒருவன். டிஸ்க்கைப் போட்டதும் பெட்டியின் விசிறி மிக்ஸி மாதிரி இரைய ஆரம்பித்தது. தெருவில் எதிரே வருகிற ஆளின் முகம் களிமண்ணில் பிடித்து வைத்தது போல இருக்கும். அவர் என்னைக் கடந்து போன பிறகு மூக்கும் கண்ணும் வந்து ஒட்டிக்கொள்ளும். கார் ஓட்டிக்கொண்டு ஒரு முனை திரும்பினேன், திரை அப்படியே நின்று, ‘சிஇ-34878-0’ என்று ஒரு நீலத் திரை. கேம் செத்துவிட்டது என்பதற்கு பிளேஸ்டேஷன் 4 பேசும் பாஷை அது. முதல் வாரத்தில் அந்த எண் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

வெளிவந்து ஒரே வாரத்தில், பிளேஸ்டேஷன் செய்யும் சோனி நிறுவனம் அந்த கேமைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்தது, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இந்த அளவு பெரிய கேமுக்கு சோனி கடையில் அதற்கு முன் அப்படி நடந்து யாரும் பார்த்ததில்லை. 2021 ஜூனில் திரும்ப வந்தபோதும், பிளேஸ்டேஷன் 4இல் சிக்கல்கள் தொடரலாம் என்ற எச்சரிக்கையோடுதான் வந்தது. 57 என்ற மார்க் இப்படி வந்ததுதான்.

57ஐப் பார்த்து, பாதிக்கு மேல் வாங்கியிருக்கிறதே, பாஸ்தானே என்று நினைத்துவிடாதீர்கள். நம் பள்ளிக்கூடத்தில் 35 எடுத்தால் பாஸ். கேம் உலகத்தில் பத்துக்கு ஏழு என்றாலே ‘சுமார்’ என்று உதட்டைப் பிதுக்குவார்கள். மெட்டாகிரிட்டிக்கில் சினிமாவுக்கு 61 வந்தால் ‘நல்லது’ என்று பச்சை நிறம், கேமுக்கு 75 வர வேண்டும். ஆக 57 என்பது உருப்படாத பையனின் மார்க்.

ஆனால் அது 2020இல் விழுந்த மார்க். அப்புறம் கேம் திருந்தவில்லையா? திருந்தியது. ஆனால் ஒரு பத்திரிகை முதலில் போட்ட மார்க்கை மட்டும்தான் மெட்டாகிரிட்டிக் எடுத்துக்கொள்ளும். பின்னால் அதே பத்திரிகை மறுபடி ஆடிப் பார்த்து மாற்றினாலும் கணக்கில் சேராது. 2013இல் ‘சிம்சிட்டி’ வந்தபோது பாலிகான் என்ற கேம் விமர்சனத் தளம் பத்துக்கு 9.5 போட்டது. சர்வர் படுத்ததும் 8 ஆக்கியது, பிறகு 4, கடைசியில் 6.5. மெட்டாகிரிட்டிக்கில் 9.5 அசையவில்லை. கேம் வருஷக்கணக்கில் அப்டேட் ஆகிக்கொண்டே இருக்க, மார்க் மட்டும் முதல் வாரத்திலேயே உறைந்து கிடக்கிறது. இதைச் சரிசெய்ய இருபது வருஷத்தில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. இத்தனைக்கும் இந்த எண்ணை நம்பித்தான் பலருடைய சம்பளமே இருக்கிறது. ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் போயிற்று. சைபர்பங்க் செய்தவர்களின் போனஸும் 90 மார்க்கோடு கட்டப்பட்டிருந்தது, வெளியீடு இப்படி ஆனபிறகு நிறுவனமே அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

உங்கள் தம்பி ஏன் இன்னும் அதையே கேட்கிறான் என்பதற்கும் காரணம் இருக்கிறது. “இப்போ சூப்பரா ஆயிடுச்சு” என்று யூடியூபில் சொல்வதைப் பார்த்திருப்பான். அவர்கள் புகழ்வது 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டை. அது பிளேஸ்டேஷன் 4க்கு வரவில்லை. அந்தப் பெட்டிக்கான பெரிய அப்டேட்டுகள் 2022இல் வந்த 1.6 உடன் நின்றுவிட்டன. ஆகவே இன்றைக்கு வாங்கினால் 2020 டிசம்பரில் நான் பட்ட பாடு இருக்காது, ஆனால் தம்பி மனதில் வைத்திருக்கும் கேமும் இருக்காது.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சம்பளம் வந்ததும் பிளேஸ்டேஷன் 5 வாங்கப் போகிறேன் என்று தம்பி சொல்லிக்கொண்டிருக்கிறானா? அப்படியானால் இந்தப் பழைய டிஸ்க் நல்ல முதலீடு. பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்கை பிளேஸ்டேஷன் 5இல் போட்டால், புதிய பெட்டிக்கான பதிப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2022 பிப்ரவரியிலிருந்து இந்த வசதி உண்டு. எல்லோரும் புகழும் 2.0 அதில்தான் கிடைக்கும். ஆனால் டிஸ்க் போடும் துளை உள்ள பிளேஸ்டேஷன் 5ஆக இருக்க வேண்டும். டிஜிட்டல் எடிஷன் என்று சில ஆயிரம் குறைவாக விற்பார்கள், அதில் டிஸ்க் போடும் துளை கிடையாது; பின்னால் வந்த மெலிந்த மாடலில் மட்டும் டிஸ்க் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். விலை குறைவு என்று டிரைவ் இல்லாமல் அதை வாங்கிவந்தால், 1,400 ரூபாய் டிஸ்க்கை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். துளை உள்ள பெட்டியே என்றாலும், இலவசப் பதிப்பு இறங்கிவிட்டது, இனி எதற்கு என்று டிஸ்க்கை விற்றுவிடக் கூடாது. ஒவ்வொரு முறை ஆடும்போதும் டிஸ்க் உள்ளே இருந்தாக வேண்டும். இறக்குவது பல பத்து ஜிபி, வீட்டு இன்டர்நெட்டுக்கு மாத அளவு உண்டா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 500 ரூபாய்க்காரர். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான வரி அதுதான். அவர் விற்பது கேம் இல்லை. ஒரு சோனி கணக்கில் ஒரே ஒரு முறை கேமை வாங்கிவைத்து, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை ஒருவர் மாற்றி ஒருவருக்கு விற்றுக்கொண்டிருப்பார். பிரைமரி என்றால் ஒரு விலை, செகண்டரி என்றால் அதைவிடக் குறைந்த விலை. பிரைமரியில் உங்கள் பெட்டியை அந்தக் கணக்கின் தலைமைப் பெட்டியாகப் பதிந்துகொள்வீர்கள், உங்கள் சொந்தக் கணக்கிலேயே ஆடலாம். செகண்டரியில் அவருடைய கணக்கில் போய்தான் ஆட வேண்டும், இன்டர்நெட் போனால் கேமும் போயிற்று. இரண்டிலும் சாவி அவர் கையில். நாளைக்கே பாஸ்வேர்டை மாற்றலாம், எல்லாப் பெட்டிகளின் பதிவையும் ஒரே பொத்தானில் நீக்கலாம். என் அக்கா மகன் ஒரு ஃபுட்பால் கேமை இப்படி 700 ரூபாய்க்கு வாங்கினான். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமின் படத்துக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு பூட்டு. விற்றவருக்கு மெசேஜ் போட்டால் இவனை பிளாக் செய்திருந்தார். கணக்கை விற்பதும் வாங்குவதும் சோனியின் விதிகளுக்கு விரோதம் என்பதால் அங்கே போய் முறையிடவும் முடியாது. இந்த வியாபாரம் இன்று பட்டப்பகலில், விலைப்பட்டியல் போட்டு நடக்கிறது. தடுக்க வேண்டியவர்கள் தூங்குகிறார்கள்.

இன்னொரு வகை ஆள், யூடியூப் வீடியோவுக்குக் கீழே டிஸ்கிரிப்ஷனில் லிங்க் போட்டுவிட்டு “கட்டாயம் வாங்குங்க” என்கிறவர். அந்த லிங்க்கில் நீங்கள் வாங்கினால் அவருக்குக் கமிஷன். எந்தப் பெட்டியில் ஆடினேன் என்று முதல் இரண்டு நிமிடத்தில் சொல்லாத ரிவ்யூவை நான் மேற்கொண்டு பார்ப்பதில்லை.

புது கேம் வாங்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். கடைக்கு வரும் நாள் வரை விமர்சனமே வெளியாகவில்லை என்றால் பர்ஸைத் திறக்க வேண்டாம். 2014இல் ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ அமெரிக்காவில் நள்ளிரவு விற்பனைக்கு வந்தது, விமர்சனம் வெளியிட அனுமதி விடிந்து மதியம்தான். ஏன் அந்தப் பன்னிரண்டு மணி நேரம் என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

வயது விஷயம் மார்க்கில் வராது. இந்த கேம் 18க்கு மேற்பட்டவர்களுக்கானது. உங்கள் தம்பிக்குப் பரவாயில்லை, பக்கத்து வீட்டுப் பொடியன்கள் கூட உட்கார வேண்டாம்.

ஆக, பிளேஸ்டேஷன் 5 வாங்கும் எண்ணம் இல்லை என்றால் இந்த டிஸ்க் வேண்டாம், அந்தக் காசில் பிளேஸ்டேஷன் 4க்கென்றே செய்த நல்ல கேம் வாங்கிக் கொடுங்கள். எண்ணம் இருக்கிறதென்றால் கடைக்குப் போங்கள். 1,400 அதிகம், பாதியில் ஆரம்பித்துப் பேசுங்கள். காசு கொடுக்கும் முன் கடையிலேயே டிஸ்க் உறையைத் திறந்து பாருங்கள். பிளேஸ்டேஷன் 4 பதிப்பில் இரண்டு டிஸ்க் வரும், ஒன்று கேமைப் பிளேஸ்டேஷனில் ஏற்ற, ஒன்று ஆட. பழைய டிஸ்க் உறைகளில் பல நேரம் ஒன்றுதான் இருக்கும்.