ஊர் சுற்றிப் பார்க்கப் போகும்போது பழைய கல்லறைத் தோட்டங்களுக்குப் போனதுண்டா? போகலாமா?

போனதுண்டு, கொல்கத்தாவில், மனைவியோடு. போனில் கேட்ட அம்மா, "ஊர் பார்க்கப் போன இடத்துல எதுக்குடா இடுகாட்டுக்கு? அவளையும் கூட்டிக்கிட்டு?" என்றார். ரூமுக்குப் போனதும் தலைக்குக் குளிக்கச் சொன்னார். குளித்தோம். அந்த ஊர்ப் புழுக்கத்தில் எப்படியும் குளித்திருப்போம், அது வேறு விஷயம்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. என் மாமனார் இறந்தபோது மனைவி தெருமுனையோடு திரும்பியவள். அவள் முதன்முதலாகக் கால் வைத்தது சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில், முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களுக்கு நடுவே.

பார்க் ஸ்ட்ரீட்டின் கிழக்குக் கோடியில், மல்லிக் பஜார் சந்திப்புப் பக்கம் இருக்கிறது. 1767-இல் திறந்தது. அந்தத் தெருவுக்கே முன்பு இடுகாட்டு ரோடு என்றுதான் பெயராம். சிலுவைகள் வரிசையாக நிற்கும் என்று நினைத்துப் போனால், உள்ளே பிரமிடுகளும் தூபிகளும் தூண் வைத்த மண்டபங்களுமாக ஒரு குட்டி நகரம். வங்காளத்து மண்ணில் கல் கிடைப்பது அரிது என்பதால் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும்தான். எல்லாம் பாசி பிடித்துக் கறுத்துக் கிடக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சுருட்டிய காசு எங்கே போனது என்று கேட்டால் கொஞ்சத்தை இங்கே காட்டலாம்.

அந்தக் கடுப்பெல்லாம் வயதுகளைப் படிக்கிற வரைதான். லாண்டர் என்ற ஆங்கிலக் கவிஞர் பாடிய ரோஸ் எய்ல்மர் 1800-இல் இறந்தபோது வயது 20. இந்துக் கல்லூரி மாணவர்களைக் கேள்வி கேட்கப் பழக்கிய டெரோசியோ 1831-இல் காலராவில் போனபோது 22. உயரமான தூபிக்குக் கீழே கிடக்கும் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு மூலத்திலிருந்து வந்திருக்கலாம் என்று சொன்னவர், 47-ஐத் தாண்டவில்லை. இந்தியாவுக்கு வருகிற வெள்ளைக்காரனுக்கு இரண்டு மழைக்காலம்தான் ஆயுசு என்று அப்போது ஒரு பேச்சே இருந்தது. என் மனைவி ஒவ்வொரு கல்லாக நின்று வயதைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். கைக்குழந்தைகளின் கற்களிடம் மட்டும் நிற்கவில்லை.

எனக்குப் பிடித்தது சார்லஸ் ஸ்டூவர்ட். கம்பெனிப் படையில் மேஜர் ஜெனரல். தினமும் கங்கையில் முழுக்குப் போட்டு, வீட்டில் விக்கிரகங்கள் வைத்துப் பூஜை செய்தவர். 'இந்து ஸ்டூவர்ட்' என்றே பெயர். 1828-இல் இறந்தவருக்குக் கோயில் வடிவிலேயே கல்லறை கட்டியிருக்கிறார்கள். அத்தனை பிரமிடுகளுக்கு நடுவே அது ஒன்றுதான் நம்ம வீட்டு ஆள் மாதிரி நிற்கிறது.

கொசு அதிகம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு காலையில் போங்கள். பூச்சு உதிர்கிற கட்டடங்கள், மேலே ஏறி போட்டோ எடுக்காதீர்கள்.

நேரம் இருந்தால் அப்படியே லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்கும் நடந்துவிடுங்கள். கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் அங்கே இருக்கிறார். 1848 முதல் எட்டு வருடம் சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகைக்காரராகவும் இருந்தவர். 1873 ஜூனில் அவர் துணைவி ஹென்றியட்டா இறந்து மூன்றே நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில். வழிப்போக்கனே, வங்கத்தில் பிறந்தவனானால் கொஞ்சம் நில் என்று தன் கல்லறைக்கான வரிகளை அவரே எழுதி வைத்திருந்தார். நாங்கள் வங்கத்தில் பிறக்கவில்லை, இருந்தாலும் நின்றோம்.

திரும்பி வரும்போது டாக்சியில் மனைவி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பாவை எந்த இடத்துல வச்சு எரிச்சீங்க?" என்று கேட்டாள். ஆற்றங்கரைக் கொட்டகை, அதில் வேப்பமரம் இருக்கிற பக்கம் என்றேன். ஊருக்குப் போனதும் காட்டச் சொன்னாள்.